வெப்பம் எங்கே போகின்றது?

விலை கொடுத்து வாங்கிய ஒரு பொருளை, நம் வீட்டின் சுவர்களுக்குள், நாம் கட்டணம் செலுத்தும் மின்சாரத்தைக் கொண்டு பயன்படுத்துவதில் அறத்தைப் பற்றிய கேள்வி எழ இடமுண்டா? மதுவையும் சூதையும் பொய்க்கணக்கையும் பற்றி நம் ஏடுகள் நிறையவே எழுதியிருக்கின்றன. ஆனால் விடியற்காலையில் ஒரு வாளி வெந்நீரில் குளிப்பதையும், இரவில் குளிர்ந்த அறையில் உறங்குவதையும் எவரும் அறநெறியின் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை. அவை உடலின் தேவைகள், வீட்டின் உள்விவகாரங்கள் என்பதே பொதுவான எண்ணம்.

இந்த எண்ணம் சரியானதா என்று கேட்பதற்குச் செவ்வாப்பேட்டை பொருத்தமான இடம். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் இடையே உள்ள ஊர் இது. நெல் விளைந்த நிலங்களில் இன்று மனைக் கற்கள் நிற்கின்றன. புறநகர் ரயிலை நம்பி வீடு கட்டிக் குடியேறியோரின் மாடிவீடுகளும், தொழிற்பேட்டைகளில் வேலை செய்வோர் வாடகைக்கு இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிட்ட வரிசை வீடுகளும் ஒரே தெருவில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பல இடங்களில் இரண்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்துதான். அந்தச் சந்தின் மேல் மாட்டப்பட்டிருக்கும் ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றியே இக்கட்டுரை.

அப்பெட்டி செய்யும் வேலை எது? ஏசி என்றால் குளிரை உண்டாக்கும் பொறி என்றே சொல்கின்றோம். இயற்பியல் அப்படிச் சொல்வதில்லை. குளிர் என்று ஒரு பொருள் இல்லை. அதை எவரும் உண்டாக்க முடியாது. உள்ளது வெப்பம் மட்டுமே. அது மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடும் நீரைப் போலச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குத் தானாகவே ஓடும். எதிர்த்திசையில் அதைச் செலுத்த வேண்டுமாயின் உழைப்பு வேண்டும். நம் பாட்டன்மார் கிணற்றில் ஏற்றம் இறைத்தது நினைவிருக்கும். ஏற்றத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்தவர் நீரைப் படைக்கவில்லை. கீழே கிடந்த நீரை மேலே சேர்த்தார், அவ்வளவே. அவ்வாறே இப்பொறியும் குறைந்த வெப்பநிலையில் கிடக்கும் வெப்பத்தை வாரி எடுத்து, அதிக வெப்பநிலையில் உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகின்றது. ஹீட் பம்ப் என்று வணிகர் சொல்வதை வெப்ப இறைப்பி என்று நாம் சொல்லிக்கொள்வோம். ஏசியும் குளிர்பெட்டியும் அதன் உடன்பிறப்புகளே.

பொறி புதிதன்று. ஆஸ்திரியாவின் எபென்சே உப்பாலையில் 1856ஆம் ஆண்டில் பேட்டர் ரிட்டிங்கர் என்பவர், உப்புநீரைக் காய்ச்ச எரியும் விறகை மிச்சப்படுத்தும் பொருட்டு இக்கோட்பாட்டை முதன்முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1938இல் சூரிச் நகர மன்றக் கட்டடம், அருகே ஓடும் லிம்மாட் ஆற்றின் குளிர்ந்த நீரிலிருந்தே வெப்பத்தை இறைத்துத் தன் அறைகளைச் சூடாக்கிக்கொண்டது. கைவைத்தால் விறைத்துப் போகும் நீரிலும் வெப்பம் உண்டு என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் உண்மை அதுவே.

குளிர்நாட்டில் இப்பொறியோடு வாழ்வது எப்படி என்பதை நம் மக்களே அறிவர். 1980களில் ஈழத்திலிருந்து நார்வேக்குச் சென்ற தமிழர்களில் பலர், அந்நாட்டின் வடகோடியான பின்மார்க் பகுதியில் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்தனர். பின்னர் ஒஸ்லோ முதலிய நகரங்களில் குடியேறினர். இன்று நார்வேயின் வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் வெப்ப இறைப்பி இருக்கின்றது. வெளிச்சுவரில் நிற்கும் பெட்டி பனிக்காற்றிலிருந்து வெப்பத்தை வாரி உள்ளே அனுப்புகின்றது. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கின்றது. மீதி இரண்டும் வெளிக்காற்று தந்தவை. கடுங்குளிர் நாட்களில் இந்த ஆதாயம் குறையும். அதனோடு வாழ ஒரு பழக்கம் வேண்டும். விறகடுப்பைப் போலத் தேவைப்படும்போது மூட்டிப் பிறகு அணைப்பது அதற்கு ஆகாது. மிதமான அளவில் வைத்து ஓடவிட வேண்டும். வடிகட்டியைக் கழுவ வேண்டும். வெளிப்பெட்டியில் உறைபனி படிந்தால், பொறி சற்று நின்று தன்னைத் தானே உருக்கிக்கொள்ளும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதன் இரைச்சல் அடுத்த வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்காத இடமாகப் பார்த்துப் பொருத்த வேண்டும்.

இந்த இரைச்சலைத் தவிர, அங்கே அயலானுக்குப் பெரிய தீங்கில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிக்காற்றிலிருந்து எடுத்த வெப்பம் சுவர்களின் வழியே கசிந்து மீண்டும் வெளிக்காற்றையே சேருகின்றது. கடன் வாங்கித் திருப்பிக் கொடுப்பதைப் போன்றது அது.

அதே பொறி நம் ஊருக்கு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கின்றது. உள்ளிருந்து எடுத்து வெளியே கொட்டுகின்றது. எவ்வளவு கொட்டுகின்றது? நம் வீடுகளில் வழக்கமாக உள்ள ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோவாட் வெப்பத்தை எடுக்கின்றது. அதை எடுக்கச் செலவான ஒன்றரைக் கிலோவாட் மின்சாரமும் வெப்பமாக மாறி அதனோடு சேர்ந்துகொள்கின்றது. ஆக, சந்தில் வந்து விழுவது ஆறரைக் கிலோவாட். சித்திரை மாதத்து இரவில், ஒரு கிலோவாட் ஹீட்டர்கள் ஆறினை வரிசையாக அடுத்த வீட்டுச் சன்னலுக்கு எதிரே வைத்து ஓடவிட்டால் எப்படியிருக்கும்? நம்மில் எவரும் அதைச் செய்யத் துணியமாட்டோம். ஆனால் பெட்டிக்குள் ஒளிந்திருப்பதால் இதைத் துணிவென்றே நாம் உணர்வதில்லை.

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, ஏசிகள் கொட்டும் வெப்பத்தால் நகரின் சில பகுதிகளில் இரவு வெப்பநிலை ஒரு பாகைக்கு மேல் உயர்வதாகக் கணித்தது. அந்நகரில் ஏசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. கொட்டுவோரும் பெறுவோரும் ஏறக்குறைய ஒருவரே. நம் தெருவில் அப்படியன்று. மாடிவீட்டின் வெப்பம் இறங்குவது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் மேல். அக்கூரையோ பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் உமிழ்ந்துகொண்டிருக்கின்றது. அதன் கீழே மின்விசிறியின் சூட்டுக்காற்றில் புரண்டு படுப்பவர் யார்? காக்களூர்த் தொழிற்பேட்டையில் பகல் முறை முடித்து வந்தவராக இருக்கலாம். மாவட்டத்தின் மறுகோடியில் உள்ள கும்மிடிப்பூண்டியிலோ, உருக்காலைகளின் உலைமுன் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, அங்குள்ள இதே போன்ற கொட்டகைக்குத் திரும்பிய ஒடிசா, பீகார் இளைஞராக இருக்கலாம். நம் வீட்டுக் கம்பியையும் தகட்டையும் காய்ச்சித் தந்தவருக்கு நாம் திருப்பித் தருவது இன்னும் கொஞ்சம் வெப்பம்.

கிராமத்து நியாயத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. நம் கூரையின் தாழ்வாரத்து நீர் அடுத்தவர் மனையில் சொட்டக்கூடாது. சாக்கடையை அயலார் வாசலுக்குத் திருப்பக்கூடாது. இதற்காக எத்தனை பஞ்சாயத்துகள், எத்தனை தலைமுறைப் பகைகள்! நீர் கண்ணுக்குத் தெரிவது. அது சொட்டிய இடம் நனைகின்றது. வெப்பம் கண்ணுக்குத் தெரியாதது. கொட்டிய இடத்தில் கறை விடுவதில்லை. இது ஒன்றே வேறுபாடு. கறை விடாத தீங்கைத் தீங்கென்று எண்ண நம் மனச்சான்று இன்னும் பழகவில்லை எனலாம்.

அப்படியாயின் குளிர்ச்சி பாவமா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலின் 55ஆம் பத்தியில், மனிதர் விடாது வளர்த்துவரும் தீங்கான நுகர்வுப் பழக்கங்களுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டியது ஏசியின் பெருகிவரும் பயன்பாட்டையே. அவ்வரிகளைக் குளிர்நாட்டில் படிப்பது வேறு. மே மாதத்துத் திருவள்ளூரில் படிப்பது வேறு. அண்டையிலுள்ள சென்னையில் 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் வெப்பநிலை 45 பாகை செல்சியசைத் தொட்டது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்து, அதில் இறப்போரின் குடும்பத்திற்கு நான்கு இலட்சம் ரூபாய் நிவாரணம் வகுத்தது. பேரிடர் என்று அரசே ஒப்புக்கொண்ட ஒன்றிலிருந்து தப்ப நினைப்பதை ஆடம்பரம் என்று எவ்வாறு சொல்வது? படுக்கையில் கிடக்கும் முதியவர், பச்சிளம் குழந்தை, இரவு முறை முடித்துப் பகலில் உறங்க வேண்டிய தொழிலாளி ஆகியோரிடம் சென்று துறவறம் பேசுவது நமக்கு அழகன்று. திருத்தந்தையின் சொல்லை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் சுட்டிய பழக்கம் ஒன்று, உயிர்காக்கும் தேவை மற்றொன்று. இரண்டையும் ஒரே பெட்டி நிறைவேற்றுவதுதான் சிக்கல். பதினெட்டுப் பாகையில் வைத்துப் போர்வை போர்த்துக்கொள்வது பழக்கம். மின்விசிறியோடு இருபத்தாறில் வைத்துக்கொள்வது பெரும்பாலோருக்குத் தேவையை நிறைவு செய்துவிடும்.

வெந்நீரின் கதை இதனினும் விந்தையானது. பழைய வீடுகளில் புழக்கடையில் ஒரு வெந்நீர் அடுப்பு இருக்கும். செம்புத் தவலை கரியேறி உட்கார்ந்திருக்கும். விடியுமுன் எழுந்து தென்னம்பாளையையும் மட்டையையும் எரித்து, புகையில் கண் கசக்கி, வீட்டாருக்கெல்லாம் வெந்நீர் காய்ச்சியவர் பெரும்பாலும் அவ்வீட்டு மருமகள். அந்தப் புகையிலிருந்து அவரை விடுவித்தது கீசர். இந்த நன்மையைச் சிறிதும் குறைத்துப் பேச நாம் விரும்பவில்லை.

ஆனால் கீசருக்கும் ஓர் அடுப்பு உண்டு. அது நம் புழக்கடையில் இல்லை. வாளி ஒன்றுக்கு இருபது லிட்டர். மார்கழிக் காலையில் அதை 28 பாகையிலிருந்து 42 பாகைக்குச் சூடாக்க மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம் ஆகும். நிலக்கரியால் மின்சாரம் எடுக்கும் நிலையங்களில் எரியும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே மின்சாரமாகின்றது. எஞ்சியது புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீரின் வழியாகவும் வெளியேறுகின்றது. ஆகவே ஒரு வாளி வெந்நீருக்கு ஏறத்தாழ கால் கிலோ நிலக்கரி. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். கணக்குப் போட்டால் எண்பது கிராம், ஒரு கைப்பிடி. (முப்பந்தலின் காற்றும் கூடங்குளத்தின் அணுவும் நம் மின்கம்பியில் கலந்தே வருகின்றன, எனவே எல்லா வாளிக்கும் இக்கணக்கு முழுமையாகப் பொருந்தாது. ஆயினும் விடியற்காலை ஐந்து மணிக்குச் சூரிய மின்சாரம் இல்லை என்பதையும் மறக்கலாகாது.)

அக்கைப்பிடிச் சாம்பல் எங்கே போகின்றது? தொலைதூரத்திற்கன்று. இதே திருவள்ளூர் மாவட்டத்தில், அத்திப்பட்டில் 1990களில் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையமும், அதன் அருகே 1,500 மெகாவாட் திறனுள்ள வல்லூர் அனல்மின் நிலையமும் நிற்கின்றன. சாம்பல் குழம்பைக் கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்திலும் எண்ணூர்க் கழியிலும் சாம்பல் படிந்ததை மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்துள்ளனர். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. இறால் பிடிக்கக் கழியில் இறங்கும் ஒருவரின் கால் புதைவது நம் குளியலறையின் கழிவில் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் சாம்பலுக்கு வேறு பிறப்பிடம் இல்லையே.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே வீட்டில் படுக்கையறை ஏசி இரவெல்லாம் வெப்பத்தைச் சந்தில் கொட்டிக்கொண்டிருக்கின்றது. விடியற்காலையில் அடுத்த அறையில் கீசர், நிலக்கரியை எரித்து அதே வெப்பத்தை விலைக்கு வாங்குகின்றது. ஒரு கையால் அரிசியைத் தெருவில் வாரி இறைத்துவிட்டு மறுகையால் கடையில் அரிசி வாங்கும் குடும்பத்தை என்னவென்று சொல்வோம்? கோடையில் இது இன்னும் வேடிக்கை. மாடியிலுள்ள சின்டெக்ஸ் தொட்டியின் நீர் கேளாமலே கொதிக்கக் கொதிக்க வருகின்றது. குளிர்ந்த நீருக்கல்லவா அப்போது தவிக்கின்றோம்!

வெந்நீருக்கான வெப்ப இறைப்பி இந்த முரண்பாட்டைத் தீர்க்கவல்லது. அது வெளிக்காற்றின் வெப்பத்தை வாரி நீரில் சேர்க்கின்றது. வெளியே குளிர்ந்த காற்றை விடுகின்றது. நம் நாட்டு வெயிலில் ஒரு யூனிட்டுக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் தருவது அதற்கு எளிது. கைப்பிடிச் சாம்பல் கால் பங்காக, மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சூரிய மின்சாரம் மிகுந்த நண்பகலில் ஓடவிட்டு, நீரைப் போர்த்திய தொட்டியில் மறுநாள் காலைவரை காத்து வைக்கலாம். சில உணவு விடுதிகளில் அது விடும் குளிர்காற்றைச் சமையலறைக்கே திருப்பிவிடுகின்றனர். பாத்திரம் கழுவ வெந்நீரும் கிடைக்கின்றது, அடுப்பின்முன் வேகும் சமையற்காரருக்கு மூச்சும் வருகின்றது. பொறியியலில் இவ்வளவு இனிய ஏற்பாட்டைக் காண்பது அரிது. ஒப்புரவு என்னும் சொல்லுக்கு வள்ளுவர் காலத்தில் ஊரோடு ஒத்து உதவி வாழ்தல் என்று பொருள். நம் திருச்சபை வழக்கில் முறிந்த உறவைச் சரிசெய்தல் என்று பொருள். சமையலறையில் இவ்விரண்டும் ஒருங்கே நடப்பதாக நமக்குத் தோன்றுகின்றது.

ஆயினும் விற்பனையாளரைப் போலப் பேசிவிட நாம் விரும்பவில்லை. சாதாரணக் கீசரின் விலையைவிட இதன் விலை பல மடங்கு. இடமும் அதிகம் வேண்டும். நம் பகுதியின் ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் எந்தக் கருவியின் உள்ளும் சுண்ணாம்பாய்ப் படிந்துவிடும். அதைப் பார்க்க ஆள் வேண்டும். ஆண்டில் ஒன்றிரண்டு மாதங்களே வெந்நீர் கேட்கும் சிறு குடும்பத்திற்கு இது வீண் செலவு. வெயில் விழும் மாடியிருந்தால் சூரிய வெந்நீர்க் கலனே போதும், அல்லது அடுப்பில் காய்ச்சிய ஒரு குடமே போதும். வாடகை வீட்டில் இருப்பவரோ எதையும் மாட்ட உரிமையற்றவர். இரண்டு மாதத்திற்கு நூறு யூனிட் இலவச மின்சாரத்தில் மின்விசிறியும் விளக்கும் ஓட்டுபவரிடம் இப்பேச்சையே எடுக்கக்கூடாது. கடமை யாருக்கு? நாள்தோறும் நூற்றுக்கணக்கான வாளி வெந்நீர் செலவாகும் இடங்களுக்கு: மருத்துவமனைகள், மாணவர் விடுதிகள், முதியோர் இல்லங்கள், திருமண மண்டபங்கள். இவற்றில் எத்தனை நம் துறவற சபைகளாலும் மறைமாவட்டங்களாலும் நடத்தப்படுபவை என்பதை வாசகர்களே அறிவார்கள். முதலீடு செய்யும் வலிமையும், பல ஆண்டுகள் காத்திருந்து அதை மின்கட்டணத்தில் திரும்பப் பெறும் பொறுமையும் தனி வீட்டாரைவிட நிறுவனங்களுக்கே உண்டு.

பொறியின் வயிற்றில் ஓடும் வாயுவைப் பற்றியும் ஒரு சொல். பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 வாயு ஒரு கிலோ வெளியேறினால், பூமியைச் சூடாக்குவதில் அது ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்கு நிகர். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி அவ்வகை வாயுக்கள் விலக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் இடத்தில் வந்தவற்றையும் குறைக்க 2016இல் கிகாலியில் திருத்தம் செய்யப்பட்டு, 2021இல் இந்தியா அதை ஏற்றது. உடன்படிக்கைகள் நாடுகளுக்கிடையே எழுதப்படுகின்றன. நிறைவேறுவதோ ஏணியின் மேல் நிற்கும் மெக்கானிக்கின் கையில். பெட்டியைக் கழற்றும்போது எஞ்சிய கேஸை முறைப்படி உருளையில் பிடிப்பதற்குக் கருவி வேண்டும், அரைமணி நேரம் வேண்டும். குழாயைத் தளர்த்திக் காற்றில் விட்டுவிட ஒரு நிமிடம் போதும். பார்ப்பவர் எவரும் இல்லை. அந்த அரைமணிக்குக் கூலி தர முன்வராமல், கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் வீட்டுக்காரர், பழியை முழுவதும் ஏணியின் மேல் இருப்பவரிடம் விட்டுவிட முடியாது.

அதே மெக்கானிக் புதிய பெட்டியை மாட்ட வரும்போது முதலில் கேட்பது, "சார், அவுட்டோரை எங்கே மாட்டட்டும்?" என்பதுதான். பெரும்பாலும், "எங்கே வசதியோ அங்கே மாட்டுங்கள்" என்று பதில் வரும். அவருக்கு வசதி சந்துப்பக்கச் சுவர். குழாய் குறைவு, வேலை எளிது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் இன்னும் நாலைந்து மீட்டர் செப்புக்குழாய் வேண்டும். மேலே வெயில் படாமல் ஒரு நிழற்கூரை வேண்டும். சில ஆயிரம் ரூபாய் கூடும், குழாய் நீள்வதால் மின்சாரமும் சிறிது கூடும். மாடியில் விடப்படும் சூடான காற்று மேலே எழுந்து கலைந்துவிடும்; சந்தில் விட்டால் அங்கேயே தேங்கும். அந்தச் சில ஆயிரத்தைக் கொடுப்பதா, வேண்டாமா என்று வீட்டுக்காரர் யோசிக்கும் நேரத்தில், சந்துக்கு அப்பால் உள்ள சன்னல் பெரும்பாலும் திறந்தேதான் இருக்கின்றது. காற்றுக்காகத் திறந்து வைத்திருக்கின்றார்கள்.